கருவைத் துளையாமல் அறிதல்

ஹைதராபாத், செகந்திராபாத் ஆகிய இரட்டை நகரங்களுக்குத் தமிழர் வந்து குடியேறிய கதை நெடியது. இரயில்வேயையும் இராணுவ அலுவலகங்களையும் நம்பி வந்து, மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் இல்லறம் நடத்தியோர் ஒரு தலைமுறையினர். பல ஆண்டுகளுக்குப் பின் மாதாப்பூரிலும் கச்சிபௌலியிலும் கம்ப்யூட்டர் நிறுவனங்களை நாடி வந்தோர் மற்றொரு தலைமுறையினர். முன்னவர் ஸ்கந்தகிரி முருகன் சந்நிதியில் மக்கட்பேறு வேண்டி நின்றனர். பின்னவரும் அங்கே நிற்கத்தான் செய்கின்றனர். ஆயினும் வீடு திரும்பும் வழியெங்கும் கருத்தரிப்பு நிலையங்களின் விளம்பரப் பலகைகள், சிரிக்கும் மழலை முகங்களோடு அவர்களை அழைக்கின்றன.

சோதனைக் குழாய்க் குழந்தை என்று நாம் வழங்கும் ஐ.வி.எஃப். சிகிச்சை இன்று நம் குடும்பங்களில் புதிய செய்தியன்று. ஆனால் அச்சிகிச்சையின் நடுவே தம்பதியர்முன் வைக்கப்படும் ஒரு கேள்வி புதியது. "உங்களுக்கு ஐந்து கருக்கள் உருவாகியுள்ளன. இவற்றில் எது உயிர்பிழைக்கத் தக்கது என்பதைக் கருவைத் துளைக்காமலே அறியும் சோதனை உண்டு. கூடுதல் கட்டணம் செலுத்திச் செய்துகொள்கிறீர்களா?" என்பதே அது. கேட்கப்படுவது ஆங்கிலத்தில், விடை சொல்ல வேண்டிய அவகாசமோ ஓரிரு நாள். தாயார் கும்பகோணத்திலும் மாமியார் திருநெல்வேலியிலும் இருக்க, மியாப்பூர் அடுக்குமாடியில் கணவனும் மனைவியும் மட்டும் இரவெல்லாம் இதைப் பேசிப் பேசி மாய்கின்றனர். அத்தகையோர்க்கு உதவும் பொருட்டே இச்சோதனைகள் எவை, அவற்றால் எவ்வளவு இயலும், எவ்வளவு இயலாது என்பவற்றை இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதலில் ஆய்வுக்கூடத்தினுள் நடப்பதைக் காண்போம். பெண்ணின் சினைமுட்டைகள் வெளியே எடுக்கப்பட்டு ஆணின் விந்தணுவோடு சேர்க்கப்படுகின்றன. மறுநாள் நுண்ணோக்கியில் நோக்கின், கருவுற்ற முட்டையினுள் தாயினுடையதும் தந்தையினுடையதுமாகிய இரண்டு சிறு வட்டங்கள் தென்படும். இரண்டாம் நாள் அது நான்கு உயிரணுக்களாகும். மூன்றாம் நாள் எட்டாகும். நான்காம் நாள் அவ்வணுக்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பந்துபோல் இறுகிவிடும். ஐந்தாம் நாள் அப்பந்தினுள் நீர் சுரந்து, உள்ளே ஒரு குழியும், ஒரு புறத்தில் ஓர் அணுத்திரளும், சுற்றிலும் ஒரு மெல்லிய உறையுமாக நூற்றுக்கு மேற்பட்ட அணுக்களோடு விளங்கும். இந்நிலைக்கு பிளாஸ்டோசிஸ்ட் என்று பெயர். உள்ளிருக்கும் திரளே பிற்காலத்தில் குழந்தையாகும், வெளியுறை நஞ்சுக்கொடியாகும். இத்தனையும் தாயின் உடற்சூட்டிலேயே வைக்கப்பட்ட இன்குபேட்டரில், மழைத்துளியினும் சிறிய ஊட்டத் துளி ஒன்றினுள் நடைபெறுகின்றன. எல்லாக் கருக்களும் ஐந்தாம் நாளை எட்டுவதில்லை. வழியிலேயே வளர்ச்சி நின்றுபோவன பல.

எஞ்சியவற்றுள் எதை முதலில் கருப்பையில் வைப்பது? இக்கேள்விக்கு மிகப் பழைய விடை, கண்ணால் பார்த்து மதிப்பிடுதல் என்பதே. 1999இல் கார்ட்னர், ஸ்கூல்கிராஃப்ட் என்னும் இருவர் வகுத்த முறையே இன்றும் பெரும்பாலும் கைக்கொள்ளப்படுகிறது. கரு எவ்வளவு விரிந்துள்ளது என்பதற்கு 1 முதல் 6 வரை ஓர் எண். உட்திரளுக்கு ஓர் எழுத்து. வெளியுறைக்கு ஓர் எழுத்து. மருத்துவமனை தரும் தாளில் '4ஏஏ' என்றோ '3பிசி' என்றோ கண்டால் அதன் பொருள் இதுவே. இதனைப் பள்ளிக்கூட மதிப்பெண் போலக் கருதி, 'பி' வந்ததே என்று கண்ணீர் விடுவோர் உண்டு. அது தேவையற்றது. 'ஏஏ' கரு பதியாமற் போவதும், 'பிசி' கரு பதிந்து கொழுகொழுவென்ற குழந்தையாவதும் ஆய்வுக்கூடத்தார் நாள்தோறும் காணும் நிகழ்ச்சிகள். வெளித்தோற்றம் உள்ளிருப்பதை ஓரளவே காட்டும்.

உள்ளிருப்பதுதான் என்ன? மனித உயிரணு ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள் இருத்தல் வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கரு பெரும்பாலும் பதிவதில்லை. பதிந்தாலும் பெரும்பாலும் கலைந்துவிடும். பெண்ணின் வயது 35ஐத் தாண்டியபின் இத்தகைய கணக்குப் பிழை விரைந்து ஏறுகிறது. 40ஐக் கடந்தோரின் கருக்களில் பாதிக்கு மேற்பட்டவை பிழையுடையனவாக இருக்கின்றன. ஆகவே குரோமோசோம்களை எண்ணிப் பார்த்தால் நல்ல கருவைத் தேறலாம் என்று விஞ்ஞானிகள் எண்ணியதில் வியப்பில்லை. ஐந்தாம் நாள் அல்லது ஆறாம் நாள் கருவின் வெளியுறையிலிருந்து ஐந்தாறு அணுக்களை நுண்ணிய கண்ணாடிக் குழாயால் பிரித்தெடுத்துச் சோதிப்பதே பி.ஜி.டி. எனப்படும் முறை. இதனையே 'துளைத்துச் செய்யும் சோதனை' என்கிறோம்.

இம்முறையில் குறைகள் உள்ளன. தேர்ந்த கைகள் வேண்டும். விலையுயர்ந்த லேசர் கருவி வேண்டும். பலவீனமான கருவுக்கு ஊறு நேரலாம் என்ற அச்சமும் உண்டு. இவற்றினும் பெரிய சிக்கல் வேறொன்று. எடுக்கப்படும் அணுக்கள் நஞ்சுக்கொடியாகப் போகிறவை. குழந்தையாகப் போகிறவை அல்ல. ஒரே கருவில் சில அணுக்கள் சரியாகவும் சில பிழையாகவும் கலந்திருத்தல் அரிதன்று. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் நம் வீட்டு நியாயம் இங்கே செல்லாது. ஏனெனில் இப்பானையின் சோறு எங்கும் ஒரே பதத்தில் வெந்திருப்பதில்லை. இத்தாலியில் கிரெக்கோ என்பவரும் அவர் குழுவினரும் இத்தகைய கலப்புக் கருக்கள் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட 18ஐ, வேறு கருக்கள் இல்லாத பெண்களுக்கு, அவர்தம் சம்மதத்தோடு கருப்பையில் வைத்துப் பார்த்தனர். அவற்றுள் ஆறு நலமுள்ள குழந்தைகளாகப் பிறந்தன என 2015இல் அவர்கள் அறிவித்தபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. அதற்கு முன் அத்தகைய கருக்கள் எத்தனை குப்பைக்குச் சென்றிருக்கும் என்று எண்ணினால் நமக்கும் நெஞ்சு நடுங்குகிறது.

இந்தப் பின்னணியில்தான் துளையாமல் அறியும் முயற்சிகள் தோன்றின. இவற்றுள் நமக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது, கருவின் உணவுப் பழக்கத்தை ஆராயும் முறை. கரு தன்னைச் சூழ்ந்த ஊட்டத் துளியிலிருந்து சிலவற்றை உண்கிறது, சிலவற்றைக் கழிக்கிறது. கருவை எடுத்துக்கொண்டபின் எஞ்சிய துளி முன்பெல்லாம் கழிவாகக் கொட்டப்பட்டது. பிள்ளை உண்டெழுந்த இலையைப் பார்த்தே அதன் உடல்நிலையை ஊகிக்கும் தாய் போல, அத்துளியைப் பார்த்தே கருவின் நிலையை ஊகிக்கலாகாதா? இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி லீஸ் இத்துறையில் முன்னோடி. அவரும் அவர் சகாக்களும் 2002இல் அமினோ அமிலங்களின் கணக்கை எடுத்து ஆராய்ந்தனர். அதிகம் உண்பதே வலிய கரு என்றுதானே நாம் நினைப்போம்? கண்டது நேர்மாறானது. ஆரவாரமின்றி அளவோடு உண்ட கருக்களே மேலும் வளர்ந்தன; அள்ளி அள்ளி உண்டவை நின்றுபோயின. ஊறுபட்ட கரு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் முயற்சியில் மிகுதியாகச் செலவழிக்கிறது என்பது லீஸ் கூறிய விளக்கம்.

இத்துறையில் நம் தென்னகத்துக்கும் பங்குண்டு என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம். கர்நாடகத்தின் மணிப்பாலில் சதீஷ் குமார் அடிகா அவர்களின் கருவியல் குழுவினரும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஹனுதத்த ஆத்ரேயா அவர்களின் குழுவினரும் ஒன்றுகூடி, காந்தப்புல ஒத்திசைவு என்னும் என்.எம்.ஆர். கருவியால் எஞ்சிய ஊட்டத் துளிகளை ஆராய்ந்தனர். அத்துளியில் பைருவேட், அலனைன் என்னும் இரு பொருள்களுக்கிடையே உள்ள விகிதம், பதிந்த கருக்களின் துளியில் குறைவாக இருந்தது என அவர்கள் 2013இல் வெளியிட்டனர். கருவை ஒரு சிறிதும் தொடாது கிடைத்த செய்தி இது.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் தென்படும் வேறுபாடு, வீட்டில் தொட்டில் ஆடச் செய்யுமா என்பது வேறு கேள்வி. இதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு. அகச்சிவப்புக்கு அண்மையான ஒளியை ஊட்டத் துளியினூடே செலுத்திக் கருவுக்கு மதிப்பெண் இடலாம் என 2007இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. முதல் முடிவுகள் நம்பிக்கையூட்டின. பிறகு நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் தம்பதியரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் அம்மதிப்பெண்ணைப் பயன்படுத்திச் சோதித்தனர். 2012இல் முடிவு வந்தது: கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்ததைக் காட்டிலும் எவ்வித மேன்மையும் இல்லை. அதன்பின் அம்முறையைப் பற்றிய பேச்சே அடங்கிவிட்டது. இத்துறையில் 'புதிது' என்னும் சொல்லை நாம் எச்சரிக்கையோடு கேட்க வேண்டியதற்கு இது போதிய காரணம்.

அடுத்து இன்குபேட்டரினுள்ளேயே காமிராவை அமைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கருவைப் படமெடுக்கும் டைம்-லாப்ஸ் முறை. கரு எந்த மணியில் பிளந்தது, எவ்வளவு நேரம் ஓய்ந்திருந்தது என்பவற்றையெல்லாம் திரைப்படம் போல ஓட்டிப் பார்க்கலாம். தம் பிள்ளையின் முதல் ஐந்து நாட்களைக் கண்ணாரக் காணும் பேறு தம்பதியர்க்குப் பெரிதாகத் தோன்றுதல் இயல்பே. எனினும் பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் 1,575 பெண்களை வைத்து நடத்தி 2024இல் வெளியிட்ட பெருஞ்சோதனையில், இம்முறையைக் கைக்கொண்ட பிரிவில் 33.7 சதவீதத்தினர்க்கும், வழக்கமான முறையில் 33.0 சதவீதத்தினர்க்கும் குழந்தை பிறந்தது. வேறுபாடு இல்லை என்றே கொள்ளவேண்டும்.

செயற்கை நுண்ணறிவையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் படங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் காட்டிப் பழக்கி, அதனையே தேர்ந்தெடுக்கச் செய்தனர். 1,066 பெண்கள் பங்குகொண்ட சோதனையின் முடிவு 2024இல் வந்தது. கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்தவற்றில் 46.5 சதவீதமும், கருவியல் நிபுணர் தேர்ந்தெடுத்தவற்றில் 48.2 சதவீதமும் கருவுற்றனர். நிபுணர்க்குக் கம்ப்யூட்டர் தாழ்ந்ததன்று என்பதைக்கூட அச்சோதனையால் நிறுவ இயலவில்லை. நிபுணர் மூன்றரை நிமிடம் எடுத்துக்கொண்ட வேலையைக் கம்ப்யூட்டர் 21 விநாடியில் முடித்தது என்பது உண்மை. ஆய்வுக்கூடத்துக்கு அது ஆதாயமாகலாம். அதற்காக நோயாளி ஏன் கூடுதல் கட்டணம் கட்டவேண்டும் என்பது நமக்கு விளங்கவில்லை.

இப்போது விளம்பரங்களில் மிகுதியாக அடிபடுவது நான்காவது முறை. வளரும் கரு தன் டி.என்.ஏ.வின் சிறு துணுக்குகளை ஊட்டத் துளியில் உதிர்க்கிறது. அத்துணுக்குகளைத் திரட்டிப் பெருக்கிக் குரோமோசோம்களை எண்ணிவிட்டால், துளைக்கும் வேலையே இல்லை. எண்ணம் அழகானது. 2016இல் சீன விஞ்ஞானிகள் இதனைச் செய்து காட்டினர். ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கார்மென் ரூபியோ தலைமையில் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 1,301 கருக்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவின்படி, துளைத்துச் செய்த சோதனையும் துளியில் செய்த சோதனையும் 78.2 சதவீதம் ஒத்துப்போயின.

இந்த எண்ணைச் சற்று நின்று நோக்கவேண்டும். நூற்றுக்கு 78 என்றவுடன் முதல் வகுப்புத் தேர்ச்சி என்று தோன்றும். ஆனால் நூறு கருக்களில் 22க்கு இரு சோதனைகளும் வெவ்வேறு தீர்ப்புச் சொல்கின்றன என்பதே அதன் மறுபுறம். அந்த 22இல் எது சரி? துளைத்துச் செய்த சோதனையே முடிந்த முடிபன்று என்பதை முன்னமே கண்டோம். கோணலான ஓர் அளவுகோலை மற்றோர் அளவுகோலோடு ஒட்டிப் பார்ப்பது போன்றது இது. அன்றியும், சினைமுட்டையைச் சூழ்ந்திருந்த தாயின் அணுக்களில் ஒன்றிரண்டு துளியில் ஒட்டிக்கொண்டிருப்பின், சோதிக்கப்படுவது கருவின் டி.என்.ஏ.வா, தாயினுடையதா என்னும் குழப்பம் நேரும். தாயின் குரோமோசோம்கள் சரியாயிருத்தலால் பழுதுள்ள கருவும் நல்லதாகக் காட்சியளிக்கும். ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2023இல் வெளியிட்ட பரிந்துரையில், இச்சோதனையை அன்றாடச் சிகிச்சையில் பயன்படுத்துவதை இப்போதைக்குப் பரிந்துரைக்க இயலாது என்று கூறியுள்ளது.

இத்தனை முறைகளையும் விரித்துரைத்தது ஒரு கணக்கைச் சொல்லும் பொருட்டே. அக்கணக்கு விளங்குவதற்கு ஒரு வங்காள மருத்துவரை நினைவுகூர வேண்டும்.

உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை 1978 ஜூலை 25ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தது. பத்தே வாரத்தில், அக்டோபர் 3ஆம் நாள், கல்கத்தாவில் துர்கா என்னும் குழந்தை பிறந்தது. அதற்குக் காரணர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. பெரிய வசதிகள் ஏதுமின்றி உழைத்த அவர், கருவை உடனே கருப்பையில் வைக்காமல் 53 நாட்கள் உறையவைத்துப் பின்னர் வைத்தார். முட்டைக்காக மருந்து செலுத்திய மாதத்தில் கருப்பை கருவை ஏற்கும் பக்குவத்தில் இராது. காத்திருந்து வேறொரு மாதத்தில் வைப்பதே நலம் என்பது அவர் கருத்து. மேனாட்டில் உறைந்த கருவிலிருந்து குழந்தை பிறந்தது 1984இல், ஆஸ்திரேலியாவில். ஆனால் மேற்கு வங்க அரசு அமைத்த குழு முகர்ஜியின் கூற்றை ஏற்க மறுத்தது. ஏளனத்துக்கும் இடமாற்றத்துக்கும் ஆளான அவர் 1981 ஜூன் மாதம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986 ஆகஸ்டில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என நாடு கொண்டாடியது. அச்சாதனையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோடு பங்குகொண்ட டி.சி. ஆனந்தகுமார் பின்னர் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்து, முதன்மை தமக்கன்று, முகர்ஜிக்கே உரியது என 1997இல் எழுதினார். தமக்கு வாய்த்த பட்டத்தைத் தாமே மற்றவர்க்குச் சூட்டிய அப்பெருந்தன்மையை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

முகர்ஜி காட்டிய வழியே இன்று உலகெங்கும் பெருவழக்காகிவிட்டது. கருக்களை உறையவைத்து ஒவ்வொன்றாக வைக்கலாம். இங்குதான் கணக்கு வருகிறது. ஒரு தம்பதியர்க்கு ஐந்து கருக்கள் உள்ளன என்று கொள்வோம். அவற்றுள் இரண்டே குழந்தையாகும் ஆற்றலுடையன என்றும் கொள்வோம். எச்சோதனையும் செய்யாமல் ஐந்தையும் ஒவ்வொன்றாக வைத்தாலும் அவ்விரண்டும் கிடைக்கும். மிகச் சிறந்த சோதனையைச் செய்து வைத்தாலும் அவ்விரண்டே கிடைக்கும். சோதனை எந்தக் கருவையும் நல்லதாக்குவதில்லை. வரிசையை மட்டுமே மாற்றுகிறது. சோதனை தவறி, அவ்விரண்டில் ஒன்றைப் பழுது எனச் சொல்லி, அது அப்புறப்படுத்தப்பட்டுவிட்டாலோ கிடைப்பது ஒன்றுதான்.

இது வெறும் மனக்கணக்கன்று. சீனாவில் 20 முதல் 37 வயது வரையுள்ள, மூன்றுக்குக் குறையாத நல்ல கருக்களைப் பெற்றிருந்த 1,212 பெண்களை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். துளைத்துச் சோதித்துத் தேர்ந்தெடுத்த பிரிவில் 77.2 சதவீதத்தினர்க்கும், கண்ணால் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிரிவில் 81.8 சதவீதத்தினர்க்கும் ஓராண்டுக்குள் மூன்று முறை வைத்ததில் குழந்தை கிட்டியது என 2021இல் வெளியாயிற்று. சோதனைக்கும் ஒரு நன்மை உண்டு: கருச்சிதைவு அப்பிரிவில் சற்றுக் குறைந்தது; 12.6க்குப் பதில் 8.7 சதவீதம். இரண்டு மூன்று முறை கலைந்து நொந்த பெண்ணுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. நாற்பதை நெருங்கும் பெண்ணுக்குக் காலமும் பொன்னினும் அரியது. பதியாத கருக்களை வைத்து மாதங்களைக் கழிப்பதைக் காட்டிலும் வரிசையை முன்னறிவது அவருக்குப் பயன்படலாம். ஆகவே எல்லாச் சோதனையும் ஏமாற்று என்று நாம் கூறவில்லை. முப்பது வயதில் முதன்முறையாக வரும், நான்கைந்து நல்ல கருக்களையுடைய பெண்ணிடம் 'இதனால் வெற்றி கூடும்' என்று சொல்லிப் பணம் பெறுவதையே ஏற்க இயலவில்லை.

வேறொரு வகைத் தம்பதியர்க்கு மட்டும் துளைத்துச் செய்யும் சோதனை இன்றியமையாதது. தலசீமியா, தசைச் சிதைவு நோய் போன்ற குறிப்பிட்ட பரம்பரை நோய் குடும்பத்தில் இருப்பது தெரிந்தவர்கள் அவர்கள். அங்கே தேடுவது குரோமோசோம் எண்ணிக்கையை அன்று. ஒரு குறிப்பிட்ட மரபணுப் பிழையை. துளியில் உதிரும் துணுக்குகளை நம்பி அதனை முடிவு செய்ய இன்று இயலாது. அத்தை மகனையும் மாமன் மகளையும், ஏன், தாய்மாமனையுமே மணக்கும் வழக்கமுடைய நம் சமூகத்தார் இதனைத் தனியே கருத்திற்கொள்ள வேண்டும். அத்தகைய குடும்பத்தினர் எங்கேனும் கருத்தரிப்பு நிலையத்துக்குள் நுழையுமுன், பஞ்சகுட்டா நிம்ஸ் மருத்துவமனையின் மருத்துவ மரபியல் பிரிவைப் போன்றதோர் இடத்தில் ஆலோசனை பெறுதல் நலம்.

இனி, பணம் கட்டுமுன் மருத்துவரிடம் கேட்கத்தக்கவை சில. இச்சோதனையைச் செய்துகொண்ட, என் வயதையொத்த பெண்களுக்கு, பிறந்த குழந்தைகளின் கணக்கு என்ன? 'கருவுற்றோர்' கணக்கையும் 'பிறந்த குழந்தை' கணக்கையும் ஒன்றாக்கிச் சொல்வது பெருவழக்கு. இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். பழுது எனத் தீர்ப்பு வந்தால் அக்கருவை என்ன செய்வீர்கள்? எம் எழுத்து மூலமான சம்மதமின்றி எதையும் அப்புறப்படுத்துவதில்லை என்று உறுதி தருவீர்களா? இந்த இரண்டாவது கேள்வியே எல்லாவற்றினும் முக்கியமானது என்பது நம் கருத்து. கேட்கக் கூச்சப்படுவோர், கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டுக் கணவர் வண்டி நிறுத்துமிடத்தில் காத்திருப்பதும் நம்மவரிடையே காணும் வழக்கம். கரு இருவருடையது, கேள்வியும் இருவருடையதாதல் தகும்.

சட்டத்தையும் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டின் செயற்கைமுறைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு நிலையமும் பதிவு பெற்றிருத்தல் வேண்டும்; சிகிச்சை பெறும் பெண்ணின் வயது 21க்கு மேல் 50க்குள்ளும், ஆணின் வயது 21க்கு மேல் 55க்குள்ளும் இருத்தல் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு கேட்பது அவமதிப்பாகாது. 2025 ஜூலையில் செகந்திராபாத்தில் ஒரு நிலையத்தின்மீது காவல்துறை வழக்குத் தொடுத்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாடகைத்தாய் வழியே பிறந்த தம் குழந்தை என நம்பிப் பெற்றுச் சென்ற தம்பதியர், அதற்கும் தமக்கும் இரத்தத் தொடர்பில்லை என டி.என்.ஏ. சோதனையில் அறிந்தனர் என்பது அதில் எழுந்த புகார். பொருள் வசதி குறைந்தோர்க்கு, செகந்திராபாத் காந்தி மருத்துவமனையில் தெலங்கானா அரசு 2023இல் கருத்தரிப்புப் பிரிவு ஒன்றைத் திறந்தது. அங்குள்ள வசதிகளை நேரில் சென்று விசாரித்தறியலாம்.

குரோமோசோம்களை எண்ணும் எச்சோதனையும், துளைத்தாயினும் துளையாமலாயினும், கரு ஆணா பெண்ணா என்பதையும் உடன் காட்டிவிடும். அதனைக் கேட்பதும் சொல்வதும் நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். "தாத்தாவின் பெயரைச் சொல்ல ஓர் ஆண் வேண்டாமா?" என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கும் பெரியவர்களுக்கு இதனைப் பொறுமையாக எடுத்துரைக்கும் கடமை இளைஞர்களுடையது. இச்சோதனைகள் எளியனவாக ஆக, அந்த ஆசையும் எளிதில் தலைதூக்கும்.

கடைசியாக, இடம்விட்டு இடம் பெயரும் நம்போன்றோர்க்கென ஒரு குறிப்பு. உறைந்த கருக்கள் பூச்சியத்துக்குக் கீழ் 196 டிகிரி குளிரில், திரவ நைட்ரஜன் தொட்டியில் இருக்கும். சட்டப்படி பத்தாண்டுக் காலம் வரை அவற்றை வைத்திருக்கலாம். சேமிப்புக் கட்டணத்தை உரிய காலத்தில் செலுத்தி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டு முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் உடனே எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். கருவின் தரம் எழுதிய தாள், உறையவைத்த நாள், சோதனை செய்திருப்பின் அதன் முழு அறிக்கை ஆகியவற்றின் நகல்களைச் சிகிச்சை முடிந்த அன்றே கேட்டுப் பெறுவது நல்லது. பிற்பாடு சென்னைக்கோ கோவைக்கோ மாற்றலாகிச் சென்றால் அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பவை அவையே. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலை கிடைத்துச் செல்வோர், தம் கருக்களைத் தம் சொந்தப் பயனுக்காக எடுத்துச் செல்வதாயினும் தேசிய வாரியத்தின் அனுமதியைப் பெற்றாக வேண்டும். ஆகவே விமானச் சீட்டு வாங்குமுன்பே அதற்கு விண்ணப்பித்து விடுங்கள்.